தானாகப் பட்ட வெடி

எனக்குத் துப்பாக்கி வெடி பட்ட இடத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் மூன்று கதைகள் இருந்தன. அம்மா தொலைபேசியில் கேட்டவர்கள் எல்லோருக்கும் தொடை என்று சொன்னாள். அப்பா வேலை செய்த கந்தோரில் பொதுவாகக் கால் என்று சொல்லி வைத்தார். கனடாவில் இருந்த பெரியம்மாவுக்கு அது எப்படியோ இடுப்பு என்று போய்ச் சேர்ந்து, நான் இனி நடக்க மாட்டேன் என்று அவர் இரண்டு நாள் அழுதாராம். வைத்தியரின் ஆங்கில அறிக்கை மட்டும்தான் இடது பிட்டம் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னது. உயர்தரப் பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கிற பதினெட்டு வயதுப் பெடியனுக்கு வரக்கூடிய காயங்களில் இதைவிட மரியாதை குறைந்தது ஒன்று இருக்க முடியாது. பார்க்க வந்தவர்கள் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு வந்து, இடத்தைக் கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுகிறது, பெடியன் தப்ப வேண்டும் என்று அப்பா எங்களைக் கொழும்புக்குக் கொண்டுவந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அப்பா ஒரு அரசாங்கத் திணைக்களத்தில் கிளார்க். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மேல்மாடி எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்திருந்தது. ஒழுங்கை முடியும் இடத்தில் ரயில் பாதை. பாதையைக் காவல் காக்க அங்கே மண்மூட்டை அடுக்கி ஒரு பொலிஸ் அரண் போட்டிருந்தார்கள். அதில் எப்போதும் மூன்று பேர் நின்றார்கள். நாங்கள் தினமும் அவர்களுக்கு அடையாள அட்டையும், கொழும்பில் தமிழர் எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டும் காட்டினோம். அவர்களும் தினமும், முதல் தடவை பார்ப்பதுபோலவே, அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்கள்.

கீழ்வீட்டில் இருந்தவர் ஓய்வுபெற்ற சிங்களப் பள்ளிக்கூட ஆசிரியை. அம்மா அவரை மிஸ் என்று கூப்பிட்டாள், அதனால் நாங்கள் எல்லோரும் மிஸ் என்றோம். மிஸ்ஸுக்குத் தமிழ் நன்றாக விளங்கும், ஓரளவு கதைக்கவும் வரும். அன்று பின்னேரம் நான் கணித டியூஷனுக்குக் கிளம்பியபோது வானம் கறுத்திருந்தது. குடை கொண்டு போ என்று அம்மா சொன்னாள். எங்கள் குடையை அப்பா கொண்டுபோயிருந்தார். அம்மா கீழே இறங்கி, மிஸ்ஸிடம் அவருடைய இறந்துபோன கணவரின் குடையை வாங்கிக்கொண்டு வந்தாள். வளைந்த மரக் கைபிடியும் நீட்டுக் கம்பியுமாக, வயதான கறுப்புக் குடை. அதைக் கையில் பிடித்தால் எனக்கே ஐம்பது வயது ஆகிவிடும்போல இருந்தது. வகுப்புப் பெட்டைகள் பார்ப்பார்கள் என்று முறைத்துக்கொண்டுதான் கொண்டுபோனேன்.

டியூஷனில் பாதி வகுப்பில் கரண்ட் போய்விட்டது. மாஸ்டர் மெழுகுதிரியில் ஒரு கணக்குச் செய்து பார்த்துவிட்டு, பத்து நிமிடம் முந்தியே எங்களை விட்டுவிட்டார். நான் காலி வீதியைக் கடந்து எங்கள் ஒழுங்கையில் இறங்கினேன். வீட்டுக்கு இன்னும் ஐம்பது யார் தூரம் இருக்கும், மழை தொடங்கியது. குடையை விரித்தேன். எதிரே கடல். அந்தக் காற்றுக்கு முன்னால் குடை விரிக்கக்கூடாது என்பது வெள்ளவத்தையில் பிறந்தவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. குடை ஒரு தரம் பின்பக்கமாகக் கவிழ்ந்தது, பிறகு கையை விட்டுப் பறந்து, நான் வந்த வழியே காலி வீதிப் பக்கமாக உருண்டு ஓடத் தொடங்கியது.

நான் திரும்பி அதன் பின்னால் ஓடினேன்.

அரணில் நின்றவர்களின் கண்ணுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும் என்பதை நான் பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். ஒரு தமிழ்ப் பெடியன் அரணை நோக்கி வருகிறான், அரணைக் கண்டதும் சட்டென்று திரும்பி ஓடுகிறான். குடை எனக்கு முன்னால் ஓடியதால் அதை நான் மறைத்துவிட்டேன். நில் என்று மூன்று தரம் கத்தினார்களாம். மழையிலும் அலைச் சத்தத்திலும் எனக்கு ஒரு தரமும் கேட்கவில்லை. முதலில் யாரோ பின்னால் ஓங்கி உதைத்ததுபோல இருந்தது. குப்புற விழுந்தேன். விழுந்தபடியே குடை ஒரு மதிலில் மோதி நின்றதைப் பார்த்தேன், அப்பாடா என்று இருந்தது. இரத்தத்தைப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

ஓடி வந்தவர்களில் ஒருவர் என்னைப் புரட்டப் பார்த்து, வேண்டாம் என்று விட்டு, தன் தொப்பியை மடித்துக் காயத்தில் வைத்து அழுத்தினார். ஒரு ஓட்டோவை மறித்து என்னைத் தன் மடியில் குப்புறப் போட்டுக்கொண்டார். இரண்டு கால்களும் ஓட்டோவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவருக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இராது. மீசை அப்போதுதான் வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. வழி முழுக்க அவர் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

"மம வெடி திப்பா மல்லி. ஐ மல்லி திவ்வே?"

என்னுடைய சிங்களம் பஸ் சிங்களமும் கடைச் சிங்களமும்தான். ஆனாலும் இது விளங்கியது. நான்தான் சுட்டேன் தம்பி, ஏன் தம்பி ஓடினாய் என்கிறார். பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்து, எனக்குத் தெரிந்த ஒரேயொரு சொல்லைச் சொன்னேன்: "குடே." குடைக்கு அவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். அவருக்கு முதலில் விளங்கவில்லை. நான் கையால் பறப்பதுபோலக் காட்டி, திரும்பவும் குடே என்றேன். பிறகு என் முதுகில் சூடாகத் துளிகள் விழுந்தன. மழைதான் உள்ளே அடிக்கிறது என்று நினைத்தேன். மழை அவ்வளவு சூடாக இராது.

அடுத்த நாள் வாக்குமூலம் எடுக்க ஒரு சார்ஜன்ட் வார்டுக்கு வந்தார். நான் குப்புறப் படுத்திருந்தேன். அவர் கட்டிலின் தலைமாட்டில் நின்று தனக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லில் கேட்டார். ஓடினதா? ஓம், ஓடினது. வெடி பட்டதா? ஓம், பட்டது. சரி. அதற்குப் பிறகு சிங்களத்தில் ஒரு முழுப் பக்கம் எழுதினார். நான் சொன்னது நாலு சொல். அவர் எழுதியதோ இருபது வரி. கையெழுத்துப் போடு என்று தாளைத் தலையணையில் வைத்தார். குப்புறப் படுத்தபடி போட்ட அந்தக் கையெழுத்தை எங்கள் வகுப்பாசிரியரே என்னுடையது என்று ஒத்துக்கொள்ள மாட்டார்.

பத்து நாளில் வீட்டுக்கு வந்தேன். அதன் பிறகுதான் வேடிக்கை தொடங்கியது. என்னைச் சுட்டதற்கான பழியை எடுத்துக்கொள்ள எங்கள் வீட்டில் வரிசை நின்றது.

முதலில் அம்மா. குடை கொண்டு போ என்று சொன்னது தான் என்றாள். சும்மா நனைந்துகொண்டு வந்திருப்பான், ஒரு தடிமன் தும்மலோடு போயிருக்கும் என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்னாள். சமைக்கும்போது சொன்னாள், துணி காயப்போடும்போது சொன்னாள், பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

மிஸ் கீழேயிருந்து கஞ்சி கொண்டுவந்தார். குடை தன்னுடையது, பழி தன்னுடையது என்றார். அந்தக் குடையின் கம்பி ஒன்று சரியில்லை என்று தனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியுமாம். கணவர் உயிரோடு இருக்கும்போதே அது இரண்டு தரம் பறந்ததாம். அம்மா விடவில்லை, கேட்டு வாங்கியது நான் என்றாள். இரண்டு பேரும் என் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று, பழி உனக்கில்லை எனக்குத்தான் என்று ஒருவரோடொருவர் வாதாடினார்கள். மிஸ்ஸுக்குத் தமிழ் போதாமல் போன இடத்தில் சிங்களத்தில் வாதாடினார். அம்மாவும் விளங்கியதுபோலத் தலையாட்டி மறுத்தாள்.

டியூஷன் மாஸ்டர் தோடம்பழத்தோடு வந்தார். பத்து நிமிடம் முந்தி விட்டது தன் பிழை என்றார். அத்தோடு நின்றாலும் பரவாயில்லை. மேசையில் கிடந்த கொப்பியை எடுத்து, ஒழுங்கையின் நீளம், நான் ஓடிய வேகம், காற்றின் திசை எல்லாம் போட்டு ஒரு கணக்குச் செய்தார். பத்து நிமிடம் பிந்தி வந்திருந்தால் காற்றுத் தணிந்திருக்கும், குடை என் கையிலேயே நின்றிருக்கும் என்று முடித்தார். விடைக்கு இரண்டு தரம் கோடு வேறு போட்டார். போகும்போது அவருடைய கண் கலங்கியிருந்தது.

அப்பா மட்டும் வரிசைக்கு வரவில்லை. பின்னேரச் செய்திக்கு ரேடியோ போடுவதை நிறுத்தியிருந்தார். ஒரு நாள் எனக்குக் காயம் கட்டிவிடும்போது, நான்தானே உங்களை இஞ்சை கொண்டுவந்தனான் என்றார். பிறகு பஞ்சை மருந்தில் தோய்த்தார்.

நானும் சும்மா இருக்கவில்லை. காற்றுக்கு முன்னால் குடை விரித்தது நான். ஓடியது நான். காது கேட்காதது நான். இத்தனை பேருக்கு நடுவில் எனக்கும் ஒரு பங்கு கிடைக்க வேண்டாமா?

இதே நேரத்தில் பொலிஸ் நிலையத்தில் எப்படி இருந்தது என்பதை அப்பா வழக்குக்குப் பிடித்த எங்கள் சட்டத்தரணி வந்து சொன்னார். அங்கே ஒருவரும் வரிசையில் நிற்கவில்லை. அரணில் நின்ற மூன்று பேரும் ஒரே மாதிரி எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒருவன் ஓடினான், எச்சரித்தோம், வெடி வெதுணா. அதாவது வெடி பட்டது. துப்பாக்கி வழுக்கியதா, கை தவறியதா, வானத்திலிருந்து விழுந்ததா என்று அதில் இல்லை. சட்டத்தரணி விளக்கினார்: சிங்களத்திலும் எங்கள் மாதிரித்தான், வெடி வைத்தது, அதாவது சுட்டது, வேறு; வெடி பட்டது வேறு. முன்னதுக்கு ஒரு ஆள் வேண்டும். பின்னதுக்கு ஆள் தேவையில்லை. என் வாக்குமூலத்திலும் அதே வசனம்தான், கீழே என்னுடைய கோணல் கையெழுத்தோடு.

விசாரணைக்கு ஒரு கிழமை இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என்னை ஓட்டோவில் கொண்டுபோன அந்தப் பொலிஸ்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சீருடை இல்லாமல் சாரமும் சேர்ட்டும் போட்டிருந்தார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். கதவைத் திறந்த அப்பா ஆளை அடையாளம் கண்டதும் உள்ளே பார்த்து, அடையாள அட்டைகளை எடுங்கோ என்றார். எல்லோரும் எடுத்தோம். அம்மா பதிவுத் துண்டையும் எடுத்தாள். அவர் வாழைப்பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

அம்மா கீழே போய் மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மிஸ் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொன்னார். அவர் என் காலைப் பார்க்க வந்தாராம். கால் அல்ல என்று மிஸ் அவருக்கு விளக்கியபோது தலையைக் குனிந்துகொண்டார். நடந்து காட்டச் சொன்னார். நான் அறையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தேன், திரும்பியும் நடந்தேன். அவர் குருநாகல் பக்கம், நாலு பிள்ளைகளில் மூத்தவராம். நிலையத்தில் எழுதித் தந்ததைத்தான் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது என்றார். என்னிடம் எதையும் மறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கோபப்படச் சுகமாக இருந்திருக்கும்.

அம்மா தேநீர் கொடுத்தாள். அவர் போன பிறகு அப்பா கேட்ட கேள்வி இதுதான்.

"உவனுக்கு ஏன் இரண்டு கரண்டி சீனி போட்டனி?"

"சின்னப் பெடியனப்பா," என்றாள் அம்மா. அப்பா வாழைப்பழத்தைத் தொடவில்லை. நான் நாலு தின்றேன். நல்ல பழம்.

விசாரணை நாளன்று நாங்கள் வேளைக்கே போய்விட்டோம். நீதிமன்றத்தின் வராந்தாவில் மொழிபெயர்ப்பாளர் எங்களைத் தேடி வந்தார். கொட்டாஞ்சேனைக்காரி, நாற்பத்தைந்து வயது இருக்கும். பூப்போட்ட கவுன், கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் ஒரு பெரிய விசிறி. நீதிமன்றத்தில் இருபது வருடமாக இதுதான் அவருடைய வேலை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தன் ஒரேயொரு நிபந்தனையைச் சொன்னார்.

"தம்பி, நீங்க என்ன சொல்றீங்களோ அதத்தான் நான் சொல்லுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அதனால முழுசா சொல்லுங்க."

நீதவான் கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர். சாட்சிக் கூண்டில் நான் நிற்பதைப் பார்த்து, காயப்பட்டவர் உட்காரலாம் என்றார். நன்றி, நிற்கிறேன் என்றேன். இல்லை, உட்காருங்கள் என்றார். மொழிபெயர்ப்பாளர் எனக்குச் சொல்லாமலே, நான் ஏன் உட்கார முடியாது என்பதை அவருக்குச் சிங்களத்தில் விளக்கினார். அவர் அதை மட்டும் கூட்டித்தான் சொன்னார். பின்வரிசையில் சிரிப்புக் கேட்டது. நீதவான் அறிக்கையைப் புரட்டிப் பார்த்து, ஆம், என்று இருமினார். குடையையும் மேசையில் வைத்திருந்தார்கள். அதன் கழுத்தில் சான்றுப்பொருள் என்று ஒரு அட்டை தொங்கியது.

என் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளர் தமிழில் வாசித்தார். நான் ஓடிக்கொண்டிருந்தபோது எனக்கு வெடி பட்டது. எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. இது நீங்கள் சொன்னதா என்று நீதவான் கேட்டார். பட்டது உண்மைதான் என்றேன். யார் சுட்டது என்று கேட்டார். நான் அந்தப் பொலிஸ்காரரைப் பார்த்தேன். சீருடையில், விறைப்பாக, நான் இல்லாத பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தின்ற அந்த நாலு வாழைப்பழமும் ஞாபகத்துக்கு வந்தன.

"வெடி பட்டது," என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொல்லாமல், என்னிடம் அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டார். நான் திரும்பவும் பட்டது என்றேன். மூன்றாம் தரமும் கேட்டார். பொலிஸ் தரப்புச் சட்டத்தரணி எழும்பி, மொழிபெயர்ப்பாளர் சாட்சிக்குச் சொல்லிக் கொடுக்கிறார் என்றார். மொழிபெயர்ப்பாளர் விசிறியை மேசையில் வைத்துவிட்டு நீதவானுக்குச் சொன்னதை எங்கள் சட்டத்தரணி எனக்குப் பிறகு சொன்னார்: ஆர் என்று கேட்கச் சொன்னீர்கள், கேட்டேன், வந்த பதிலில் ஆள் இல்லை, இல்லாத ஆளை நான் போடவும் ஏலாது, பதில் வந்துவிட்டது என்று சொல்லவும் ஏலாது.

அதன் பிறகு பொலிஸ் தரப்புச் சட்டத்தரணியின் முறை. நல்ல குரல் அவருக்கு. வெடி எந்தப் பக்கம் பட்டது என்று கேட்டார். பின்பக்கம் என்றேன். உமக்குப் பின்பக்கத்தில் கண் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். அப்படியென்றால் யார் சுட்டது என்று உமக்கு எப்படித் தெரியும், தெரியாது அல்லவா? பிறகு அவர் நீதவான் பக்கம் திரும்பி, நீளமாகப் பேசினார். மொழிபெயர்ப்பாளர் ஒரு வரியும் விடாமல் எனக்குத் தமிழில் தந்தார். நாட்டில் யுத்தம் நடக்கிறது, அரணைக் கண்டு ஓடுகிறவனை என்ன நினைப்பது? பொலிசார் கடமையைச் செய்தார்கள். நில் என்றால் நிற்க வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காத பெற்றோர்தான் இதற்குப் பொறுப்பு.

நான் அம்மாவைப் பார்த்தேன். பின்வரிசையில் இருந்து அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். ஆம் ஆம் என்று, மெதுவாக, அவர் சொல்வது முழுக்க நியாயம் என்பதுபோல.

வீட்டில் நடந்ததெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. இது வேடிக்கையாக இல்லை.

"எனக்குப் பின்னாலை கண் இல்லை," என்றுவிட்டு அந்தப் பொலிஸ்காரரைக் காட்டினேன். "அவர் என்னைச் சுட்டவர். அவர்தான் அதைச் சொன்னவர்."

மொழிபெயர்ப்பாளர் இதை உடனே சிங்களத்தில் சொன்னார். என்ன சொன்னார், எப்போது சொன்னார் என்று நீதவான் கேட்டார். ஓட்டோவில் நடந்ததைச் சொன்னேன். அவர் சொன்ன அதே சொற்கள் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. என்னுடைய பஸ் சிங்களத்தில் சொன்னேன். "மம வெடி திப்பா மல்லி."

அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சட்டத்தரணி எழும்பி வாய் திறக்க முன்னமே, அந்தப் பொலிஸ்காரர் என் பக்கம் திரும்பினார்.

"ஓவ், ஸ்வாமீனி," என்றார். "மம தமய் திப்பே."

ஆம், நான்தான் சுட்டேன். அவருடைய சட்டத்தரணி அப்படியே மெதுவாக உட்கார்ந்தார். என்னால் செய்ய முடியாத காரியத்தை அவர் அவ்வளவு வேகமாகச் செய்ததைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஏன் சுட்டாய் என்று நீதவான் கேட்டார். ஓடுகிறவர்களைச் சுடச் சொல்லிக் காலை அணிவகுப்பில் கட்டளை வந்தது என்றார். யாரிடமிருந்து? மேலே இருந்து என்றார். மேலே என்றால் எவ்வளவு மேலே என்று நீதவான் கேட்டார். பொலிஸ்காரர் முன்வரிசையைப் பார்த்தார். அங்கே பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, தன் சப்பாத்தின் மினுக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொலிஸ்காரர் பிறகு கூரையைப் பார்த்தார். பதவிப் பெயரிலேயே பொறுப்பு என்று எழுதியிருந்த ஒரே மனிதரிடம் அன்று எவரும் எதையும் கேட்கவில்லை. அப்படிக் கட்டளை கொடுத்ததாக எந்தப் புத்தகத்திலும் பதிவு இல்லையாம்.

என் சாட்சியத்தில் கையெழுத்துப் போடுவதற்காக நாங்கள் காத்திருந்தபோது அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். தெமட்டகொடை ரயில் குவார்ட்டர்ஸ் பக்கமிருந்து ஒரு தாய் வந்திருந்தார். அவருடைய மகனுக்குப் பத்தொன்பது வயது. அவனால் வந்து கூண்டில் நின்று ஒன்றும் சொல்ல முடியாது. மொழிபெயர்ப்பாளர் பொலிஸ் அறிக்கையைத் தமிழில் வாசித்தார், வெடி பட்டு இறந்துள்ளார் என்று. தாய் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒரு கேள்வி கேட்டார். அவரிடம் எவரும் எதையும் கேட்டிருக்கவில்லை, பேசச் சொல்லியிருக்கவும் இல்லை.

"சுட்டது யாருங்க?"

மொழிபெயர்ப்பாளர் அதையும் சிங்களத்தில் சொன்னார், சத்தமாக. நீதவான் பொலிஸ் பக்கம் பார்த்தார். அவர்கள் கோப்பைப் புரட்டினார்கள். வழக்குக்கு இன்னொரு தவணை போட்டார்கள்.

அந்தத் தாய் வெளியே வந்து வராந்தாவின் மர வாங்கில் உட்கார்ந்தார். அம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் தூணில் சாய்ந்துகொண்டு நின்றேன். அவர் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. பால்மாப் பெட்டி ஒன்று வாங்கச் சொல்லிக் கடைக்கு அனுப்பியது தான்தானாம். அடுத்த நாள் வாங்கியிருக்கலாமாம். வீட்டில் இன்னும் கொஞ்சம் மா இருந்ததாம்.

அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கள் இல்லையம்மா," என்றாள். "சுட்டது நீங்கள் இல்லை. அதை ஒருக்காலும் சொல்லாதேங்கோ."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குடைக் கதை நின்றது. அம்மா நிறுத்தினாள், அவள் நிறுத்தியதால் மிஸ்ஸும் நிறுத்தினார். டியூஷன் மாஸ்டர் மட்டும் ஒரு தரம் தன் கணக்கில் பிழை இருப்பதாகச் சொல்லி, திருத்தின விடையைக் கொண்டுவந்தார்.

மற்றது எல்லாம் இப்படித்தான் முடிந்தது. கோப்பு சட்டமா அதிபரிடம் போனது. அப்பா ஒவ்வொரு மாதமும் போய் விசாரித்தார், மூன்று வருடம். பிறகு அங்கே இருந்த கிளார்க் ஓய்வுபெற்றார், அப்பாவும் ஓய்வுபெற்றார், இரண்டு பேரும் நண்பர்களாகிவிட்டார்கள், கோப்பு மட்டும் வரவில்லை. பொறுப்பதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்து வேறு பெரிய நிலையத்துக்கு மாறிப் போனார். குடையைத் திருப்பித் தந்தார்கள். மிஸ் அந்தச் சான்றுப்பொருள் அட்டையை அவிழ்க்காமலே அதைக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்தார். நான் பரீட்சையை அடுத்த வருடம் எழுதினேன், பெரும்பாலும் நின்றுகொண்டுதான் படித்தேன். மொழிபெயர்ப்பாளரைப் பிறகு ஒரு தரம் கொட்டாஞ்சேனையில் திருவிழாக் கூட்டத்தில் கண்டேன். என்னை அடையாளம் கண்டு, இப்ப உக்காரலாமா என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டார்.

அந்தப் பொலிஸ்காரரைக் கொஞ்ச நாள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, பிறகு யுத்தம் நடந்த கிழக்கில் ஒரு காவலரணுக்கு அனுப்பினார்கள். கட்டளையைச் சொன்னவர் உயர, அதைச் செய்ததாக ஒத்துக்கொண்டவர் அங்கே போனார். நான் உண்மையைத்தான் சொன்னேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்த வசனம் மேலே போகாமல் அவர் தலையோடு நின்றுவிட்டதை நினைத்தால் இன்றும் எனக்கு நிம்மதியாக இல்லை. என்னை விட நாலு வயதுதான் கூட அவருக்கு.

அடுத்த சித்திரைப் புத்தாண்டுக்கு எங்கள் விலாசத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. உள்ளே சிங்களத்தில் நாலைந்து வரி. மிஸ் வாசித்துச் சொன்னார். அங்கே வெயில் கூடவாம், தண்ணீர் உப்பாம், கலியாணம் பேசியிருக்கிறார்களாம், தம்பி எப்படி நடக்கிறார் என்று கேட்டிருந்தார். அப்பா அட்டையைக் கையில் வாங்கி, முன்பக்கத்துப் படத்தைக் கன நேரம் பார்த்துவிட்டு, திருப்பித் தந்தார். அம்மா அன்று பின்னேரமே கீழே போய், மிஸ்ஸின் மேசையில் இருந்து பதில் சொன்னாள். அவள் தமிழில் சொல்லச் சொல்ல மிஸ் சிங்களத்தில் எழுதினார். என்ன சொன்னாள் என்று எனக்கு முழுக்கத் தெரியாது. இரண்டு பக்கம் இருந்தது.

அதற்கடுத்த வருடம் அட்டை வரவில்லை. சித்திரை முடிந்த பிறகும் ஒரு கிழமை, தபால்காரரின் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் அம்மா மேல்மாடி ஜன்னலுக்கு வந்தாள். எங்களுக்கு ஒன்றும் இல்லையோ என்று இரண்டு தரம் கூப்பிட்டுக் கேட்டாள். ஒன்றும் இல்லை என்று அவர் கையைக் காட்டிவிட்டுப் போனார். என்ன நடந்தது என்று நாங்கள் விசாரிக்கவில்லை. யாரிடம் போய்க் கேட்பது என்றும் எங்களுக்குத் தெரியவில்லை.